ஊவாத் தோட்டங்களும் வாழ்த்து மடலும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை அதன் கைக்கு வந்து சேர்ந்த தாள்களைக் கொண்டும் எழுதலாம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை என்னும் ஊவா மலைப்பகுதிகளில் குடியேறிய தோட்டத் தொழிலாளரின் கதையில் முதலில் காணப்படும் தாள் 'துண்டு' எனப்பட்டது. ஒரு தொழிலாளியின் பெயரில் எவ்வளவு கடன் நிற்கின்றது, அதனைத் தீர்த்தால் எந்தக் கங்காணியிடம் அவனை ஒப்படைக்கலாம் என்பனவே அதில் எழுதப்பட்டிருந்தன. துண்டு இல்லாதவன் தோட்டம் மாற இயலாது. 1921-ஆம் ஆண்டு அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அடுத்து வந்தது செக்குரோல் என்னும் பேரேடு. அது அவனுடைய பெயரை நாட்கணக்கோடும் கூலியோடும் சேர்த்து வைத்தது. 1948-க்குப் பின்னர் வந்தவை குடியுரிமை பற்றிய விண்ணப்பங்களும் அறிவித்தல்களும் ஆகும்.

இத்தாள்கள் அனைத்தும் தொழிலாளியின் பெயரைத் தாங்கி வந்தன. ஆயினும் அவனிடமிருந்து ஏதோ ஒன்றைக் கேட்கவோ, அவனை எண்ணிக்கையில் சேர்க்கவோ, நீக்கவோ வந்தவையே அவை. அவனிடம் எதனையும் கேளாமல், அவன் நலமாக வாழவேண்டும் என்று கூறுவதற்காகவே வந்த தாள் ஒன்று உண்டு. அதுதான் வாழ்த்து மடல். அது எங்கே பிறந்தது, எவ்வழியாக இம்மலைகளை அடைந்தது, இன்று அதனைக் கையாலேயே செய்ய விரும்புவோர் எங்ஙனம் தொடங்கலாம் என்பவற்றை நேயர்கள் அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

வாழ்த்து மடலின் தாய் தபால் என்று சொன்னால் மிகையாகாது. 1840-ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்தில் ஒரு கடிதம் செல்லும் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் கணக்கிட்டே கூலி விதிக்கப்பட்டது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே அதனைச் செலுத்தினார். ஏழைகளுக்கு ஒரு கடிதம் வந்தால் அதனை வாங்குவதா, திருப்பி அனுப்புவதா என்பதே கவலை. ரோலண்ட் ஹில் என்பாரின் முயற்சியால், 1840-இல் நாடெங்கும் ஒரே கட்டணம் ஒரு பென்னி என்றும், அதனை அனுப்புபவரே முத்திரை ஒட்டிச் செலுத்தவேண்டும் என்றும் ஏற்பட்டது. அந்நாள் முதல் கடிதம் பெறுபவருக்குச் சுமையாக இராமல் அன்பளிப்பாக மாறிற்று.

அந்தச் சீர்திருத்தத்தில் ஹில்லுக்குத் துணைநின்றவர்களுள் ஹென்றி கோல் என்பவரும் ஒருவர். 1843-ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகை நெருங்கியபோது, நண்பர் பலருக்கும் தனித்தனியே வாழ்த்துக் கடிதம் எழுத அவருக்கு நேரமில்லை. எனவே ஜோன் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு படம் வரைவித்தார். நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கின்றது. ஒரு பக்கத்தில் பசித்தவருக்கு உணவு அளிக்கின்றார்கள். மறுபக்கத்தில் ஆடையற்றவருக்கு ஆடை அளிக்கின்றார்கள். இப்படத்தைக் கல்லச்சில் ஏறத்தாழ ஆயிரம் பிரதிகள் எடுத்து, அவற்றுக்குக் கையால் வர்ணம் தீட்டினார்கள். உலகின் முதல் அச்சிட்ட நத்தார் மடல் என்று போற்றப்படுவது இதுவே. முதல் மடலுக்கே மனிதக் கையின் வேலை தேவைப்பட்டது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். மடல் ஒன்றின் விலை ஒரு சிலிங். பன்னிரண்டு பென்னி ஒரு சிலிங் ஆதலால், பன்னிரண்டு கடிதங்களுக்கு வேண்டிய தபாற் செலவு அந்த ஒரு மடலுக்கே ஆயிற்று. ஏழைக்கு உணவிடும் படத்தைத் தாங்கிய மடலை ஏழை வாங்க இயலவில்லை.

மடலை எளியோர் கைத்தொழிலாக்கிய பெருமை அமெரிக்கப் பெண்மணி ஒருவரைச் சாரும். எஸ்தர் ஹவ்லண்ட் என்பவர் 1847-இல் கல்லூரிப் படிப்பை முடித்து ஊஸ்டர் நகரிலுள்ள தம் வீட்டிற்குத் திரும்பினார். இங்கிலாந்திலிருந்து வந்த சரிகைத்தாள் மடல் ஒன்றைப் பார்த்துவிட்டு, தாமே அத்தகைய மடல்களைச் செய்யத் தொடங்கினார். தந்தையார் எழுதுபொருள் வணிகர். ஆகவே தாளுக்குக் குறைவில்லை. வேலை பெருகவே அவர் தோழியரை வீட்டிற்கு அழைத்து, ஒருவர் படம் வெட்டவும், ஒருவர் ஒட்டவும், ஒருவர் சரிபார்க்கவும் வகுத்துக் கொடுத்தார். பின்னர் 1870-களில் பொஸ்டன் நகரின் லூயி பிராங் போன்ற அச்சகத்தார் பல வர்ணக் கல்லச்சினால் மடல்களைத் திரளாக அச்சிட்டனர். விலை குறைந்தது, வீடுதோறும் மடல் சென்றது. கையின் வேலையோ மெல்ல மறைந்தது.

இலங்கையின் முதல் தபால் முத்திரை 1857-ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் தேதி வெளிவந்தது. அக்காலத்தில் மலைநாடு கோப்பியால் செழித்திருந்தது. ஊவாப் பகுதிக்குத் தபால் செல்வதென்றால் காடும் கணவாயும் கடந்த சாலைகளே துணை. கோப்பி நோயினால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோது, புகையிரதப் பாதையும் மலை ஏறத் தொடங்கிற்று. 1885-இல் நானுஓயாவையும், 1893-இல் ஹப்புத்தளையையும், 1894-இல் பண்டாரவளையையும் அடைந்த பாதை, அதற்கு அப்பால் பதுளைக்கு வந்து சேர முப்பது ஆண்டுகள் எடுத்தது. தெமோதரையில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு தன் கீழேயே செல்கின்றது. அருகே ஒன்பது வளைவுப் பாலம் எழுந்தது. 1924-ஆம் ஆண்டு பதுளை நிலையம் திறக்கப்பட்டது. கொழும்பில் மாலையில் ஏற்றிய தபால் இரவு முழுதும் மலையேறி விடியற்காலை ஊவாவை அடைவது அதன்பின் வழக்கமாயிற்று.

புகையிரதம் பதுளைவரை வந்தது. பதுளையிலிருந்து லயத்துக்கு யார் கொண்டுசென்றார்? தோட்டத்துத் தபால்காரரே கொண்டுசென்றார். அரசாங்கத் தபாற் கந்தோரின் ஊழியர் அல்லர் அவர், தோட்டத்தின் தொழிலாளியே. காலையில் பையுடன் இறங்கித் தபாற் கந்தோரில் அதனை நிரப்பிக்கொண்டு, மலையேறித் தோட்டக் கந்தோரில் ஒப்படைப்பது அவருடைய வேலை. துரையின் கடிதங்கள் துரைக்கும், கந்தோர்க் கடிதங்கள் கந்தோருக்கும் சென்றபின், எஞ்சிய கடிதங்கள் பெரட்டுக் களத்திலோ கங்காணியின் வழியாகவோ உரியவரைச் சேர்ந்தன. லயத்தில் வாழ்ந்தவருக்கு வாசல் உண்டு, விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயரே அவர் விலாசம்.

இந்தியாவில் 1879-ஆம் ஆண்டு ஜூலை முதலாந் தேதி கால் அணாத் தபாலட்டை வழங்கப்பட்டபின், தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கும் கடிதப் போக்குவரத்து எளிதாயிற்று. ஆனால் எழுத்தறிவு எளிதாகவில்லை. 1920-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், ஆறு வயது முதல் பத்து வயதுவரையிலான பிள்ளைகளுக்குத் தோட்டங்களில் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. அப்போதும் பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர், ஒரே கொட்டில் என்ற நிலையே நெடுங்காலம் இருந்தது. ஆகவே கடிதம் எழுதவும் படிக்கவும் எழுத்தறிந்த ஒருவரைத் தேடிச் செல்லவேண்டியிருந்தது. தன் மகளின் சேதியைப் பிறர் வாயால் கேட்கும் தாயின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் மொழி ஒன்றைத் தமிழர் முன்னரே அறிந்திருந்தனர். மங்கலச் செய்தி தாங்கிய தாளின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவுவது நம்மவர் வழக்கம். துயரச் செய்தி வந்த கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடுவதும் பல குடும்பங்களின் வழக்கமே. மஞ்சள் மூலையைக் கண்ட மாத்திரத்தில், ஓரெழுத்தும் அறியாத பாட்டியும் வந்தது நல்ல செய்தி என்று அறிந்துகொள்வாள். பொங்கற் பானையும் கரும்பும் வரைந்த மடல், அந்த மஞ்சள் மூலையின் விரிவே அன்றோ? படமே பேசுகின்றது, படித்துச் சொல்ல ஆள் தேவையில்லை. இருபதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்து மடல் வீடுதோறும் பரவியதற்கும், சிவகாசி அச்சகங்கள் அதனைத் திரளாக அச்சிட்டதற்கும் இதுவும் ஒரு காரணம் எனலாம். இலங்கையிலோ, 1885-இல் வெசாக் பௌர்ணமி மீண்டும் அரசாங்க விடுமுறை நாளானபின் அப்பண்டிகை புதுப்பொலிவு பெற்றது; காலப்போக்கில் வெசாக் வாழ்த்து மடல் நாட்டு வழக்கமாயிற்று. பதுளைக் கடைவீதியில் வெசாக் கூடும் வெசாக் மடலும் அருகருகே தொங்குவதைத் தோட்டத்துப் பிள்ளைகளும் கண்டு வளர்ந்தனர்.

வாழ்த்து மடல் வெறும் பண்டிகைப் பொருளாக இராமல் உயிர்ப்பிணைப்பாக மாறிய காலம் 1964-க்குப் பின்னர் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30-ஆந் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றவராக நின்ற 9,75,000 மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கை சரிபாதியாகப் பங்கிட்டது. எண்களைப் பங்கிடுவது எளிது. குடும்பங்கள் எண்கள் அல்ல. அண்ணன் இந்தியப் பிரஜை, தம்பி இலங்கைப் பிரஜை என்று ஒரே லயத்தில் பிரிந்த வீடுகள் பல. புகையிரத நிலையங்களில் கண்ணீரோடு விடைகொடுத்தவர்கள், தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரம் சென்றார்கள். மண்டபம் முகாமைக் கடந்து சிலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரி, குன்னூர் ஆகிய இடங்களில் 1968 முதல் தமிழ்நாட்டு அரசு தாயகம் திரும்பியோருக்கென உருவாக்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறிக்கலாயினர். இங்கும் தேயிலை, அங்கும் தேயிலை, இடையே கடல். 1980-களில் கப்பற் போக்குவரத்தும் நின்றபின், கடலைக் கடந்தது தபால் மட்டுமே. தைப்பொங்கலுக்கு ஒரு மடல் வந்தால் அவர்கள் உயிரோடும் நலத்தோடும் இருக்கின்றார்கள் என்று பொருள். வராவிட்டால் அடுத்த தை வரைக்கும் கவலை.

இந்நாளில் கைப்பேசியில் ஒரு நொடியில் வாழ்த்து வருகின்றது. ஒரு நொடியில் மறைந்தும் போகின்றது. ஆயிரம் பேருக்கு ஒரே படம் செல்கின்றது. எனவே கையால் செய்த மடலுக்குப் புதிய மதிப்பு ஒன்று பிறந்திருக்கின்றது. அதனைத் தொடங்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஊவா மலையே வேண்டிய பொருள்களைத் தருகின்றது.

முதலில் கடிதவுறையைத் தேர்ந்துகொண்டு, அதற்கு ஏற்ப மடலைச் செய்வதே முறை. மடலைச் செய்துவிட்டு உறையைத் தேடுபவர் இடர்ப்படுவர். சாதாரண ஏ-நான்கு அளவுத் தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நடுவில் மடித்தால் 148 மில்லிமீற்றர் நீளமும் 105 மில்லிமீற்றர் அகலமும் உள்ள மடல் கிடைக்கும். 162-க்கு 114 மில்லிமீற்றர் உறையில் அது தாராளமாக அடங்கும். சித்திரப் புத்தகத் தாளோ, பழைய நாட்காட்டியின் தடித்த தாளோ போதும். தாளுக்கும் துணியைப்போல் ஓர் இழையோட்டம் உண்டு. தாளை மெல்ல இருபுறமும் வளைத்துப் பார்த்தால், எப்பக்கம் எதிர்ப்புக் குறைவாக வளைகின்றதோ அதுவே இழையின் திசை. அத்திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிக்குமுன் மை தீர்ந்த பேனா முனையால், அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு அழுத்திக்கொண்டால் மடிப்பு நேராக விழும்.

அலங்காரத்திற்குப் பன்னமும், காட்டுப்பூவும், நிழல் மரமான கிரவீலியாவின் இலையும் உகந்தவை. கிரவீலியா இலையின் அடிப்புறம் வெள்ளிபோல் மின்னும். இவற்றைச் செய்தித்தாள்களுக்கிடையே பரப்பி, மேலே கனமான பலகையும் கல்லும் வைத்து, முதல் சில நாட்கள் தாளை நாள்தோறும் மாற்றிவந்தால் ஒரு வாரம் பத்து நாளில் உலர்ந்துவிடும். எப்போது உலர்த்துவது என்பதில்தான் ஊவாவின் தனித்தன்மை விளங்குகின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் கச்சான் காற்று ஈரத்தை மேற்குச் சரிவில் சொரிந்துவிட்டு, ஊவாவில் வறண்ட காற்றாக வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தேடித்தந்த நறுமணம் அக்காற்றினால் விளைவதே. இலையையும் பூவையும் உலர்த்த அதனினும் சிறந்த காலம் இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய நாட்களோ மழைக்காலம். அப்போது உலர்த்தினால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஆவணியில் உலர்த்திப் புத்தகத்தில் பாதுகாத்துத் தையில் ஒட்டுவதே அறிவுடைமை.

தேயிலைக் கொழுந்தை ஒட்ட விரும்புவோர் தொழிற்சாலை இரகசியத்தை நினைவுகூரவேண்டும். கசங்கிய கொழுந்து காற்றுப் பட்டுச் செம்பு நிறமாகும். கறுப்புத் தேயிலை உருவாவது அவ்வாறே. பச்சைத் தேயிலைக்கு நீராவி காட்டி அம்மாற்றத்தைத் தடுப்பார்கள். செம்பு நிறம் வேண்டுமானால் இலையைச் சற்றே கசக்கி அழுத்தலாம். பச்சை நிறம் நிலைக்கவேண்டுமானால் ஒரு நிமிடம் கொதிநீரின் ஆவியில் காட்டித் துடைத்தபின் அழுத்தலாம். எழுதும் மையைக்கூடத் தேயிலை தரும். கெட்டியான சாயத்தில் துருப்பிடித்த இரும்பாணிகளைச் சில நாட்கள் ஊறவைத்தால் அது கருமையாகும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து முன்னோர் மை காய்ச்சியதன் தத்துவமும் இதுவே. வெறுஞ் சாயத்தில் தாளை நனைத்து உலர்த்தினால் பழுப்புப் பொன்னிறம் ஏறும்.

ஒட்டுவதற்குக் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை போதும். இலையின் பின்புறம் சிறு சிறு புள்ளிகளாகத் தொட்டு ஒட்டி, கனத்தின்கீழ் வைத்து உலர்த்தவேண்டும். மிகுதியாகத் தடவினால் தாள் சுருங்கும். மடல் தட்டையாக இருத்தல் அவசியம். தடித்த அலங்காரம் தபால் முத்திரை குத்தும்போது நசுங்கும், நிறையும் கூடும். வெளிநாட்டுக்கு அனுப்புவதாயின் உண்மையான இலையை ஒட்டாமல் இருப்பது நலம். தாவரப் பொருள்களை எல்லைகளில் தடுத்து நிறுத்துவதுண்டு. அதற்குப் பதிலாக, இலையின் நரம்புப் பக்கத்தில் வர்ணம் தடவித் தாளில் பதித்தால் அதன் உருவம் அப்படியே இறங்கும். மூலைகளில் மஞ்சள் தொட்டுவிட்டால் மடல் நிறைவு பெறும்.

இனி எழுத்து. உள்ளே நீண்ட வாசகம் தேவையில்லை. பெறுபவரின் பெயரை முறைப்பெயரோடு சேர்த்து முதலில் எழுதவேண்டும். 'அன்புள்ள அத்தைக்கு' என்றும், 'மாமா அவர்களுக்கு' என்றும் தொடங்கும் மடல், அச்சிட்ட ஆயிரம் மடல்களினின்றும் உடனே வேறுபட்டுவிடும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு கேள்வி எஞ்சுகின்றது: உறையின்மேல் என்ன எழுதுவது? இக்கேள்வி சிறியதன்று. துண்டு ஒழிந்தது, 1988-இலும் 2003-இலும் நிறைவேறிய சட்டங்களால் நாடற்ற நிலையும் நீங்கிற்று. ஆனால் லயத்து வாசலுக்குத் தனி விலாசம் என்பது இருபத்தோராம் நூற்றாண்டிலும் பல தோட்டங்களில் கிட்டவில்லை. கடிதங்கள் மொத்தமாக ஓரிடத்தில் சேர்ந்து, கைமாறிக் கைமாறிச் செல்கையில் தாமதமாகின்றன. சில தொலைந்தும் போகின்றன. வாழ்த்து மடல் ஒரு வாரம் பிந்தினால் மனவருத்தம் மட்டுமே. நேர்முகப் பரீட்சைக்கோ, பல்கலைக்கழக அனுமதிக்கோ வந்த கடிதம் பிந்தினால் ஒரு பிள்ளையின் எதிர்காலமே பிந்திவிடும். 1840-இல் இங்கிலாந்து தீர்த்த சிக்கல் கட்டணம். மலைநாட்டில் தீராமல் நின்ற சிக்கல் வாசல்.

ஆகவே தோட்டத்துப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு மடல் செய்யக் கற்பிக்கும் ஆசிரியர்கள், உறை எழுதவும் சேர்த்துக் கற்பித்தல் நன்று. பெயர், தந்தை பெயர், லயத்தின் இலக்கம், வீட்டின் இலக்கம், தோட்டப் பிரிவு, தோட்டத்தின் பெயர், தபாற் கந்தோர் என்று ஒழுங்காக எழுதப் பழகவேண்டும். இலக்கம் இல்லாத வீடுகளுக்கு இலக்கம் கேட்கும் எண்ணமும் அப்பயிற்சியிலிருந்தே பிறக்கும். தனக்கு ஒரு விலாசம் உண்டு என்று பத்து வயதில் எழுதிப் பழகிய பிள்ளை, இருபது வயதில் அதனை விட்டுக்கொடுக்கமாட்டாது.

கடனைச் சுமந்த துண்டுடன் தொடங்கிய தாள்களின் வரிசையில், மஞ்சள் தொட்ட மடல் ஒன்று ஒவ்வொரு வாசலையும் உரிய நாளில், உரிய பெயருடன் வந்தடையவேண்டும். அதற்குத் தேவையானவை கொஞ்சம் தாள், கொஞ்சம் பசை, ஆவணிக் காற்றில் உலர்ந்த ஓர் இலை, வாசலில் எழுதப்பட்ட ஓர் இலக்கம். முதல் மூன்றும் ஊவா மலையில் எவர்க்கும் எளிதாகக் கிடைக்கும். நான்காவதையும் எல்லோர்க்கும் கிடைக்கச் செய்வது நாட்டின் கடமையாகும்.